நிறமாலைமானி: ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் 2 மாணவர்களும் கல்லூரி இயற்பியல் மாணவர்களும் செய்முறை வகுப்பில் அதிகம் பயப்படுவது இந்தக் கருவிக்குத்தான். மீட்டர் சமனச்சுற்றில் கம்பியைத் தப்பாகக் கொடுத்தால் முள் ஒரே பக்கம் ஓடித் தப்பைக் காட்டிவிடும். நிறமாலைமானி அப்படிக் காட்டிக்கொடுக்காது. தப்பாகச் சரிசெய்திருந்தாலும் அழகான கோடு தெரியும், அளவும் வரும். விடை மட்டும் இடிக்கும். ஆய்வகத்தில் வருடக்கணக்காக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஓரளவு வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இந்தக் கருவி எதை அளக்கிறது? ஒளிவிலகல் எண்ணையா, அலைநீளத்தையா?

இரண்டும் இல்லை, கோணத்தை மட்டும்தான். நடுவில் ஒரு மேடை இருக்கிறது. அதைச் சுற்றி வரும் ஒரு கையில் தொலைநோக்கி இருக்கிறது. அந்தக் கை எங்கிருந்து எங்கே போனது என்பதை வட்ட அளவுகோல் சொல்கிறது. ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் எண்), அலைநீளம் எல்லாம் அந்தக் கோணத்தை வைத்து நாம் போடும் கணக்கு. அதனால் கருவியில் செய்யும் ஒவ்வொரு சரிசெய்தலும் ஒரே ஒரு கேள்விக்கான பதில்: நான் படிக்கும் கோணம், ஒளி உண்மையில் திரும்பிய கோணம்தானா? இதைப் பிடித்துக்கொண்டால் செய்முறைக் குறிப்பேட்டில் உள்ள படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாகங்களை ஒரு முறை சொல்லுங்களேன்.

அசையாமல் நிற்கும் குழாய் இணையாக்கி. அதன் ஒரு முனையில் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளவு, மறுமுனையில் லென்ஸ். விளக்கின் ஒளி பிளவில் நுழைந்து, லென்ஸிலிருந்து இணைகற்றையாக வெளியே வரும். நடுவில் மூன்று திருகுகள் மேல் நிற்கும் முப்பட்டக மேடை, அதாவது முக்கோணக் கண்ணாடிக் கட்டியை வைக்கும் இடம். சுழலும் கையில் தொலைநோக்கி, அதன் கண்ணருகு லென்ஸுக்கு முன்னால் குறுக்குக்கம்பி. நம் ஊர்க் கருவிகள் பெரும்பாலானவற்றில் வட்ட அளவுகோல் தொலைநோக்கியோடு சேர்ந்து சுற்றும், வெர்னியர்கள் (கோலின் பிரிவுகளுக்கு இடையிலும் படிக்க உதவும் சிறு துணைக்கோல்கள்) மேடையின் பக்கம் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். சிறுமத் திசைமாற்றக் கோணம், அதாவது முப்பட்டகம் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பும் நிலையின் கோணம், எடுக்கும்போது பாதிப் பேர் வழுக்கி விழுவது இதில்தான்.

எவ்வளவு நுட்பமாக அளக்க முடியும்?

வழக்கமான கருவியில் முதன்மைக் கோலின் ஒரு பிரிவு அரை டிகிரி, அதாவது 30 மினிட். முதன்மைக் கோலின் 29 பிரிவுகளை வெர்னியரில் 30 ஆகப் பிரித்திருப்பார்கள். எனவே மீச்சிற்றளவு, அதாவது படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 1 மினிட். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் பாகை, கலை என்று சொல்வதும் இதே டிகிரியும் மினிட்டும்தான். 60 கலை ஒரு பாகை, 60 விகலை ஒரு கலை. இனி அந்தச் சொற்களையே எழுதுகிறேன். உயர்தரக் கருவிகளில் 30 விகலை, 20 விகலை வரை படிக்கலாம்.

மிக அதிகமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. வெர்னியரின் சுழி 49 பாகையைத் தாண்டி, அரைக் கோட்டையும் தாண்டி நிற்கும். மாணவர் 49 என்று எழுதி, வெர்னியர் ஒன்றிப்பு 12ஐக் கூட்டி 49°12′ என்பார். உண்மை அளவு 49°42′. ஒரே அடியில் 30 கலை போயிற்று. விடை விசித்திரமாக வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த அரைக் கோட்டைத்தான்.

வெர்னியர் ஒன்று போதாதா? எதற்கு இரண்டு?

அளவுகோலின் மையமும் கை சுற்றும் அச்சின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசல் பட்டறையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு மயிரிழை விலகல் இருக்கும். 6 இன்ச் கருவியில் அளவுகோலின் ஆரம் சுமார் 75 மில்லிமீட்டர். மையம் 0.05 மில்லிமீட்டர் விலகினாலே படிக்கும் அளவில் இரண்டு கலைக்கு மேல் பிழை வரும். அதாவது மீச்சிற்றளவைப் போல இரண்டு மடங்கு. 180 பாகை எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் வைத்தால், ஒன்றில் கூடும் பிழை மற்றொன்றில் குறையும். சராசரி எடுத்தால் கழிந்துவிடும். செலவில்லாத அருமையான தந்திரம்.

ஒரு எச்சரிக்கை. வெர்னியர் ஒன்றின் அளவுகளை வெர்னியர் ஒன்றோடுதான் கழிக்க வேண்டும், இரண்டை இரண்டோடு. நடுவில் கருவியைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றால் எது ஒன்று, எது இரண்டு என்று குழம்பும். ஒன்றின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் 20 நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

இதுதான் உண்மையான செய்முறை. மீதி எழுதும் வேலை.

முதலில் கண்ணருகு லென்ஸ். தொலைநோக்கியை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, குறுக்குக்கம்பி கருகருவென்று தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு லென்ஸை மட்டும் முன்பின் நகர்த்துங்கள். அடுத்து தொலைநோக்கி. ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள்: தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், தென்னை மரம், எதுவானாலும் சரி. பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தூரமாகாது. பொருள் தலைகீழாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம். பக்கத்திலுள்ள குமிழைத் திருகித் தெளிவாக்கியபின், கண்ணை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கம்பியும் மரமும் ஒன்றை விட்டு ஒன்று நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் சரியாகவில்லை. கண்ணை அசைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் வகுப்புக்கு இரண்டு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

இப்போது தொலைநோக்கி இணைகற்றைக்குத் தயார். இனி அதன் குமிழைத் தொடக் கூடாது. கையை இணையாக்கிக்கு நேர் எதிரே கொண்டுவந்து பிளவைப் பாருங்கள். பிளவு மங்கலாகத் தெரிந்தால் குற்றம் இணையாக்கியினுடையது. எனவே இணையாக்கியின் குமிழைத்தான் திருக வேண்டும். தயாரான தொலைநோக்கியில் பிளவு தெளிவாகத் தெரிந்தால், இணையாக்கியிலிருந்து வருவது இணைகற்றைதான் என்று பொருள். இந்த வரிசை மாறினால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். படம் தெளிவாக இருக்கும், கற்றை இணையாக இருக்காது.

பிளவு செங்குத்தாக இருக்கட்டும். எவ்வளவு ஒடுக்க முடியுமோ அவ்வளவு ஒடுக்குங்கள். ஆனால் இரு விளிம்பும் மோதும்வரை அழுத்தித் திருகாதீர்கள். விளிம்பு மழுங்கினால் அந்தக் கருவிக்கு ஆயுள் முழுக்க அந்த வடு இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான். தூரப் பொருளே இல்லை.

ஷஸ்டர் முறை இருக்கிறது. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஷஸ்டர் பெயரால் வழங்குவது. இருட்டறையிலேயே செய்யலாம். முப்பட்டகத்தை வைத்து, சிறுமத் திசைமாற்ற நிலையைக் கண்டுபிடியுங்கள். தொலைநோக்கியைச் சற்றே பெரிய திசைமாற்றத்துக்கு நகர்த்திப் பூட்டுங்கள். இப்போது மேடையை இந்தப் பக்கம் திருப்பினாலும் பிளவின் பிம்பம் நடுவுக்கு வரும், அந்தப் பக்கம் திருப்பினாலும் வரும். ஒரு நிலையில் இணையாக்கியால் பிம்பத்தைத் தெளிவாக்குங்கள், மற்ற நிலையில் தொலைநோக்கியால். நாலைந்து சுற்று மாறி மாறிச் செய்தால் இரண்டு நிலையிலும் தெளிவாக நிற்கும். எந்த நிலையில் எதைத் திருகுவது என்று மறந்துவிட்டால் கவலை இல்லை. தப்பான முறையில் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிம்பம் மோசமாகிக்கொண்டே போகும். மாற்றிச் செய்யுங்கள்.

ரசமட்டம் வைத்துவிட்டேன். மேடை மட்டமாகிவிட்டது அல்லவா?

தரைக்கு மட்டமாகியிருக்கிறது. நமக்கு வேண்டியது அதுவல்ல. முப்பட்டகத்தின் முகங்கள் கை சுற்றும் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். ரசமட்டம் நல்ல தொடக்கம், அவ்வளவுதான்.

முப்பட்டகத்தை வைக்கும்போது அதன் ஒரு முகம், மேடையின் இரண்டு திருகுகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். அந்த முகத்தில் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பம் குறுக்குக்கம்பிக்கு மேலும் கீழும் சமமாக வரும்வரை அந்த இரண்டு திருகுகளில் ஒன்றைத் திருப்புங்கள். அடுத்து இரண்டாம் முகத்தின் பிம்பம். இதற்கு மூன்றாம் திருகு மட்டும். மூன்றாம் திருகைத் திருப்பும்போது முதல் முகம் தன் தளத்திலேயே சாய்கிறது. அதனால் முதலில் செய்த வேலை கெடுவதில்லை. கண்டபடி மூன்றையும் திருகினால் மாலைவரை திருகிக்கொண்டே இருக்கலாம்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டுமா?

எப்படி வசதியோ அப்படி. ஆனால் ஒரே கருவியில் மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும்போது, ஒவ்வொருவரும் தம் கண்ணுக்காகத் திருப்ப வேண்டியது கண்ணருகு லென்ஸை மட்டும்தான். தொலைநோக்கியின் குமிழைத் திருப்பி, “எனக்கு இப்போதான் தெளிவா தெரியுது” என்று சொல்பவர், கூட்டாளிகள் அரை மணி நேரம் செய்த வேலையை அழித்துவிட்டார்.

முப்பட்டகக் கோணத்துக்கு ஏன் வித்தியாசத்தைப் பாதியாக்குகிறோம்?

முனை இணையாக்கியைப் பார்த்திருக்க, ஒரே கற்றை இரண்டு முகங்களிலும் பட்டு இருபுறமும் எதிரொளிக்கிறது. கண்ணாடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளித்த கதிர் இரு மடங்கு திரும்பும் என்று படித்திருப்பீர்கள். இரு முகங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 60 என்றால் இரு பிம்பங்களுக்கும் இடையே 120. எனவே பாதி. நல்ல முப்பட்டகத்தில் விடை 60°க்கு ஓரிரு கலைகள் முன்பின் வரும். “60ன்னுதானே வரணும்” என்று திருத்தி எழுதாதீர்கள். வந்ததை எழுதுங்கள்.

சிறுமத் திசைமாற்றம் என்பதை எப்படி உறுதியாகப் பிடிப்பது?

மேடையை ஒரே திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தொலைநோக்கியில் பிம்பத்தைப் பின்தொடருங்கள். பிம்பம் நேர்கதிரை (முப்பட்டகம் இல்லாமல் நேராக வரும் ஒளியை) நோக்கி வரும், மெதுவாகும், நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். மேடையைத் திருப்பும் திசை மாறவில்லை, பிம்பம்தான் திரும்புகிறது. அந்தத் திருப்பம்தான் நமக்கு வேண்டிய இடம். அங்கே தொலைநோக்கியைப் பூட்டி, நுண் திருகால் குறுக்குக்கம்பியைப் பிம்பத்தின் மேல் பொருத்துங்கள்.

ஏன் இந்த நிலையைத் தேர்ந்தெடுத்தார்கள்? இங்கே மேடை கொஞ்சம் தப்பான இடத்தில் நின்றாலும் திசைமாற்றம் அநேகமாக மாறாது. மனிதக் கையின் பிழையைக் கருவியே மன்னித்துவிடும் ஒரே இடம்.

இப்போது மேலே நினைவில் வைக்கச் சொன்னதை எடுங்கள். வெர்னியர் மேடைப் பக்கம் இருக்கிறது. சிறுமத் திசைமாற்ற அளவை எடுத்தபின் முப்பட்டகத்தை அகற்றிவிட்டு நேர்கதிர் அளவீட்டை எடுக்க வேண்டும். இடையில் வெர்னியர் வட்டு அசைந்தால் கழித்தலுக்கே அர்த்தமில்லை. வட்டைப் பூட்டிவிட்டு, முப்பட்டகத்தை மட்டும் மேலே தூக்கி எடுங்கள். தொடக்கத்திலேயே நேர்கதிரை 0°இல் வைத்துவிட்டேன், அதனால் கழிக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நடுவில் வெர்னியரோடு சேர்த்து மேடையைச் சுற்றியிருந்தால் அந்தச் சுழி எப்போதோ இடம் மாறியிருக்கும்.

அளவுகள் 360ஐத் தாண்டிப் போனால்?

ஒரு உதாரணம். நேர்கதிர் 358°12′, சிறும நிலை 37°8′. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 321°4′ வரும். அவ்வளவு திரும்பும் முப்பட்டகம் உலகில் இல்லை. 360 வரை மீதி 1°48′, அதோடு 37°8′ கூட்டினால் 38°56′. இதுதான் திசைமாற்றம். கை எந்த வழியாகப் போனது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொண்டால் இந்தப் பிழை வராது.

இதையே கணக்கிலும் போடுவோம். முப்பட்டகக் கோணம் 60°. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 49°28′. அதன் சைன் 0.760. முப்பட்டகக் கோணத்தின் பாதிக்கு சைன் 0.5. வகுத்தால் ஒளிவிலகல் எண் 1.520. கிரௌன் கண்ணாடிக்கு எதிர்பார்க்கும் அளவு. ஃபிளின்ட் கண்ணாடியானால் 1.62க்குப் பக்கத்தில் வரும், திசைமாற்றம் 48 பாகைக்குப் பக்கம் போகும்.

விடையில் எத்தனை தசம இலக்கம் எழுதலாம்?

மேலே சொன்ன முப்பட்டகத்தில் திசைமாற்றக் கோணம் 1 கலை மாறினால் ஒளிவிலகல் எண் சுமார் 0.0002 மாறும். முப்பட்டகக் கோணத்தில் 1 கலை தவறினாலும் அநேகமாக அதே அளவு. எனவே மூன்று இலக்கம் நம்பகமானது, நான்காவது ஊகம். கால்குலேட்டர் காட்டும் 1.52003847 முழுவதையும் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அரை கலை தவறினால் அதில் பாதி இலக்கங்கள் காற்றில் போய்விடும்.

இன்னொன்று, எந்த நிறத்துக்கு என்று எழுதாத ஒளிவிலகல் எண் அரைகுறை. ஊதாவுக்கு அதிகம், சிவப்புக்குக் குறைவு. சோடியம் மஞ்சளுக்கு என்றோ பாதரசப் பச்சைக்கு என்றோ குறிப்பிடுங்கள்.

கீற்றணிக்கு என்ன கோணங்கள் வர வேண்டும்? சரியான கோட்டைத்தான் பார்க்கிறேனா என்று தெரியவில்லை.

கீற்றணி என்பது நெருக்கமான இணைகோடுகள் கொண்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு. நேர்கதிரின் இருபுறமும் நிறக்கோடுகள் வரிசை வரிசையாக வரும், அதற்கு மிக அருகில் இருப்பது முதல் வரிசை. மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் உள்ள கீற்றணி என்று வைத்துக்கொள்வோம். பாதரச விளக்கின் முக்கியக் கோடுகள்: ஊதா 404.7 நானோமீட்டர், நீலம் 435.8, நீலப்பச்சை 491.6, பச்சை 546.1, மஞ்சள் 577.0, 579.1. பச்சைக்கு முதல் வரிசையில் கோணம் 19°8′ அளவில் வரும், இரண்டாம் வரிசையில் 41 பாகைக்குச் சற்றுக் குறைவாக. இடத்திலும் வலத்திலும் பார்த்து வித்தியாசத்தைப் பாதியாக்குவதால், முதல் வரிசைப் பச்சைகளுக்கு இடையே 38 பாகைக்குச் சற்று மேல் இருக்கும். அதற்கு அருகில்கூட வரவில்லை என்றால் வேறு வரிசையையோ வேறு கோட்டையோ பிடித்திருக்கிறீர்கள். நீலப்பச்சை மங்கலானது, அறையில் வெளிச்சம் இருந்தால் கண்ணுக்கே படாது.

இடப்பக்கக் கோணமும் வலப்பக்கக் கோணமும் வேறு வேறாக வருகிறதே?

கற்றை கீற்றணி மேல் செங்குத்தாக விழவில்லை. செங்குத்தாக்க ஒரு வழக்கமான முறை உண்டு. நேர்கதிரிலிருந்து தொலைநோக்கியைச் சரியாக 90° திருப்பிப் பூட்டுங்கள். கீற்றணியை மேடையில் வைத்து, அதில் எதிரொளித்த பிம்பம் குறுக்குக்கம்பியில் விழும்வரை மேடையைத் திருப்புங்கள். இப்போது படுகோணம் 45°. எனவே மேடையை, கீற்றணி இணையாக்கியைப் பார்க்கும் திசையில், 45° திருப்பினால் செங்குத்து.

ஓரிரு கலை வித்தியாசத்துக்காக இதைத் திரும்பச் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். கீற்றணி 1 பாகை சாய்ந்திருந்தால்கூட இருபக்கச் சராசரி எடுத்தால் அலைநீளத்தில் எஞ்சும் பிழை பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால்தான் தொல்லை.

கோடுகள் ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் தெரிந்தால் அது வேறு நோய். கீற்றணியின் கோடுகள் அச்சுக்கு இணையாக இல்லை. மேடைத் திருகால் சரிசெய்யலாம்.

கீற்றணியை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் அச்சுப் பிரதி. கண்ணாடி மேல் ஒட்டிய மெல்லிய படலம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

மஞ்சள் எனக்கு ஒரே கோடாகத் தெரிகிறது. புத்தகத்தில் இரண்டு என்று இருக்கிறது.

பிளவை ஒடுக்குங்கள். பாதரச மஞ்சள்கள் இரண்டுக்கும் இடையே முதல் வரிசையில் 4 கலைக்குச் சற்று மேல் இருக்கிறது. அகலப் பிளவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சோடியம் இன்னும் கடினம்: 589.0, 589.6 நானோமீட்டர். முதல் வரிசையில் இடைவெளி 1 கலைக்குச் சற்றே அதிகம், நம் மீச்சிற்றளவுக்கே வந்துவிட்டது. இரண்டாம் வரிசைக்குப் போனால் மூன்றரை கலை கிடைக்கும், ஆனால் வெளிச்சம் குறையும்.

பிளவின் பிம்பத்தில் குறுக்கே கருப்புக் கோடுகள். லென்ஸ் போய்விட்டதா?

இல்லை. பிளவின் விளிம்பில் தூசு. பிளவைச் சற்று அகலப்படுத்தி, சீவிய தீக்குச்சியை மேலிருந்து கீழாக ஒரு முறை இழுங்கள். பிளேடு, குண்டூசி வேண்டாம். லென்ஸில் வலை பின்னியது போலத் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்கப் பூட்டி வைத்த கருவிகளுக்கு இது வரும்.

விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது.

இப்போதுதான் அணைத்தீர்களா? பாதரச விளக்கு சூடாக இருக்கும்போது திரும்ப எரியாது. ஆற விடுங்கள், சில நிமிடங்களில் எரியும். சோடியம் விளக்கு முதலில் சிவப்பாகத்தான் எரியும். உள்ளே இருக்கும் நியான் வாயுவின் நிறம் அது. சோடியம் ஆவியானபின் மஞ்சளாகும். பதறி அணைத்து அணைத்துப் போடாதீர்கள். செய்முறை முடியும்வரை எரிய விடுவதே நல்லது.

இந்தச் சாதாரணக் கருவியில் ஆராய்ச்சி எதுவும் நடந்திருக்கிறதா?

தாராளமாக. ஜெர்மனியில் பெனடிக்ட்பாயர்ன் என்ற ஊரில் லென்ஸ் செய்துகொண்டிருந்த யோசப் ஃபிரான்ஹோஃபர் 1814இல் நில அளவைக்காரர்களின் தியோடலைட்டை எடுத்து, அதன் தொலைநோக்கிக்கு முன் ஒரு முப்பட்டகத்தை வைத்தார். நம் மேசையில் இருப்பதன் பாட்டன் அதுதான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைத் துல்லியமாக அளப்பதுதான் அவர் நோக்கம், நாம் செய்முறையில் செய்யும் அதே வேலை. சூரிய ஒளியில் கருப்புக் கோடுகள் தெரிந்தன. 1802இல் வொலாஸ்டன் அப்படிச் சிலவற்றைப் பார்த்திருந்தார். ஃபிரான்ஹோஃபர் எண்ணியது 574. நிறங்களுக்குக் கிடைத்த மைல்கற்களாக அவற்றை எடுத்துக்கொண்டு அளந்தார். அவை ஏன் வருகின்றன என்பதை 1859இல் ஹைடல்பர்க்கில் கிர்க்காஃப் விளக்கினார். அவரும் புன்சனும் சேர்ந்து அடுத்த இரண்டு ஆண்டுகளில் சீசியத்தையும் ருபிடியத்தையும் நிறமாலையிலிருந்தே கண்டுபிடித்தார்கள்.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரக் கடலோரத்தில் பார்க்கப் பலர் கூடினார்கள். குண்டூரில் பிரான்சின் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன். சூரிய விளிம்பிலிருந்து வந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது என்றே முதலில் தோன்றியது. ஆனால் அது இருக்கும் இடம் 587.6 நானோமீட்டர். அது ஹீலியத்தின் கோடு. சோடியத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், நம் கீற்றணியில் முதல் வரிசையில் பார்த்தால், சுமார் 3 கலை. அரைக் கோட்டைத் தவறவிட்டு 30 கலையைத் தொலைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சி. வி. ராமன் வழக்கமான செய்முறையாக முப்பட்டகக் கோணத்தை அளந்தார். ஒளி ஒரு முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டு எதிரொளிக்கும்போது பிம்பத்தின் இருபுறமும் பட்டைகள் தெரிந்தன. அவை இருபுறமும் ஒரே அளவில் இல்லை. மற்றவர்கள் பார்த்தும் பாராமல் குறுக்குக்கம்பியைப் பொருத்தி அளவெடுத்துப் போயிருப்பார்கள். ராமன் அதைப் பற்றி எழுதியது 1906 நவம்பரில் லண்டனின் பிலசாஃபிகல் மேகசின் இதழில் வந்தது. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான். வயது 18.

சுழலும் கை உள்ள கருவி இது ஒன்றுதானா?

இதன் குடும்பம் பெரியது. இங்கிலாந்தின் லீட்ஸில் டபிள்யூ. எச். பிராக் செய்த எக்ஸ் கதிர் நிறமாலைமானியில் முப்பட்டகத்துக்குப் பதில் படிகம், தொலைநோக்கிக்குப் பதில் அயனிக் கலம். மற்றபடி அதே மேடை, அதே கை. இன்றைய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுமானிகளிலும் படிகம் ஒரு பங்கு திரும்பினால் கை இரு பங்கு திரும்புகிறது. முப்பட்டகக் கோணத்தில் பாதியாக்கினோமே, அதே கணக்கு. தெருவிளக்கு எந்தத் திசையில் எவ்வளவு வெளிச்சம் வீசுகிறது என்று அளப்பதற்கும் சுழலும் ஏற்பாடுதான்.

கண்ணுக்குப் பதில் ஒளி உணரி, விளக்குக்குப் பதில் லேசர் வைக்கலாமா?

வைக்கலாம். கையில் ஒரு ஒளி டயோடைப் பொருத்தி மல்டிமீட்டரோடு இணைத்தால், கோணத்துக்கு எவ்வளவு ஒளி என்பதையும் அளக்கலாம். கண்ணாடிப் பலகையில் படுகோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால், தளவிளைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) லேசரின் எதிரொளிப்பு சுமார் 56 முதல் 57 பாகையில் ஏறக்குறைய அணைந்துபோவதைப் பார்க்கலாம். ப்ரூஸ்டர் கோணம். அதன் டேஞ்சன்ட் கண்ணாடியின் ஒளிவிலகல் எண். வீட்டில் ஒரு பழைய சிடியும் பாகைமானியும் போதும்: தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு முதல் வரிசை 24 பாகையில் விழும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லேசர் எரியும்போது தொலைநோக்கியில் கண் வைக்கவே கூடாது. சின்ன லேசராக இருந்தாலும் கூடாது. சுவரிலோ தாளிலோ விழ வைத்துப் பாருங்கள்.

கருவியை வேறு மேசைக்கு மாற்ற வேண்டும். எதைப் பிடித்துத் தூக்குவது?

அடித்தளத்தை, இரண்டு கையாலும். தொலைநோக்கியைக் கைப்பிடி என்று நினைத்துத் தூக்குபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வளைந்த அச்சைச் சரிசெய்ய எந்த மேடைத் திருகாலும் முடியாது, இரண்டு வெர்னியரும் அதற்குத் துணை வராது.